முள் ஏழில் நிற்கும் வீடு

எங்கள் வீட்டில் யாரும் பேசாத நேரத்திலும் ரேடியோவின் முள் ஏழில் நிற்கும். லெஸ்டர் நகரில், இரண்டு பக்கமும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடு. மாடியில் துணி அலமாரிக்கும் ஜன்னலுக்கும் நடுவே ஒரு சின்ன மேசை, அதன்மேல் என் ஹாம் ரேடியோ, பொழுதுபோக்காக உலகத்தோடு பேசவும் கேட்கவும் வைத்திருக்கும் கருவி. சுவிட்சைப் போட்டால் ஓர் இரைச்சல் எழும். கூர்ந்து கேட்டால் அதற்குள் பல குரல்கள் பிரிந்து தெரியும். எல்இடி விளக்கின் கரகரப்பு, போன் சார்ஜரின் துடிப்பு, யார் வீட்டுக் கூரையிலோ இருக்கும் சோலார் இன்வர்ட்டரின் சீழ்க்கை. இவற்றில் ஒன்றுகூட மனிதக் காதுக்கு எட்டாது. வீடு நிசப்தமாகத்தான் கிடக்கும். ரேடியோவுக்கு மட்டும் அது சந்தைக்கடை.

முள் என்பது பழக்கத்தில் வரும் சொல். இப்போதைய ரேடியோக்களில் அது, வந்துசேரும் அலையின் வலுவைக் காட்டித் திரையில் நீண்டு சுருங்கும் ஒரு கோடு. ஒன்றிலிருந்து ஒன்பது வரை படிகள். ஒரு படி ஏறினால் ஆற்றல் நான்கு மடங்கு. எல்லா மீட்டரும் இந்தக் கணக்குக்குக் கட்டுப்பட்டு நடப்பதில்லை என்றாலும் கணக்கு அதுதான். சும்மா இருக்கும்போதே முள் ஏழில் நிற்கிறது என்றால், ஏழுக்குக் கீழே பேசுகிற அத்தனை பேரும் எனக்கு இல்லாதவர்கள். அவர்கள் பேசுகிறார்கள். அந்தக் குரல் என் தோட்டத்துக் கம்பி வரைக்கும் வந்தும் சேர்கிறது. அதற்குப் பிறகு என் வீட்டுச் சத்தத்தில் மூழ்கிப்போகிறது.

ஆகஸ்டில் ஒரு வாரம் லேக் டிஸ்ட்ரிக்ட்டில் தங்கினோம். அல்ஸ்வாட்டர் ஏரிக்கரையில் கிளென்ரிடிங் என்ற சிற்றூர். மனைவி சட்டியிலிருந்து சாம்பார்பொடிவரை எடுத்துவைத்த பெட்டியில், நான் ஓரமாக ஒரு துணிப்பையைச் செருகினேன். கையடக்கமான ரேடியோ, அரைக் கிலோ பேட்டரி, சுருட்டிய செம்புக் கம்பி, ஹெட்போன், பென்சில், நோட்டு. ஆறு மீட்டர் நீளும் ஃபைபர் கழி ஒன்று தனியாக. தூண்டில் கழிதான் அது. “லீவுலயும் இதத் தூக்கணுமா?” என்றாள். லீவில்தான் தூக்கமுடியும் என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்கு இந்தக் கட்டுரை அளவுக்கு இடம் தேவைப்படும்.

மலையுச்சிக்கு ரேடியோவைச் சுமந்துபோய்ப் பேசுவதற்கு இங்கே ஒரு முறைமை இருக்கிறது. ‘சம்மிட்ஸ் ஆன் தி ஏர்’ என்று பெயர், சுருக்கமாகச் சோட்டா. ஜான் லின்ஃபோர்ட் என்ற ஆங்கிலேய ஹாம் முன்வைத்த யோசனை. 2002 மார்ச் 2ஆம் தேதி இங்கிலாந்திலும் வேல்ஸிலும் தொடங்கி, பிறகு பல நாடுகளுக்குப் பரவியது. விதிகள் கறாரானவை, ஆனால் குறைவு. கருவிகள் எல்லாவற்றையும் உன் உடம்பால் மேலே கொண்டுபோக வேண்டும். வண்டியில் உட்கார்ந்து பேசினால் செல்லாது. பெட்ரோல் ஜெனரேட்டர் கூடாது. உச்சியிலிருந்து செங்குத்தாக 25 மீட்டருக்குள் நின்று பேச வேண்டும். புள்ளிகள் கணக்கில் ஏற, குறைந்தது நான்கு வெவ்வேறு நிலையங்கள் உன்னைக் கேட்டு, நீயும் அவர்களைக் கேட்டிருக்க வேண்டும். ஏறுகிறவராக ஆயிரம் புள்ளி சேர்த்தவர் ‘மவுன்டன் கோட்’. தமிழில் வரையாடு என்றால் பொருத்தமாக இருக்கும். வீட்டில் உட்கார்ந்தே மலைக்காரர்களைத் தேடிப்பிடித்து ஆயிரம் புள்ளி சேர்த்தவருக்கு ‘ஷாக் ஸ்லாத்’ என்று பெயர். ரேடியோ அறையை விட்டு நகராத மந்தப் பிராணி என்கிற கேலி. வைத்துக்கொண்டவர்கள் அவர்களேதான் என்பதால் அதில் புண்படுதல் இல்லை.

நாங்கள் ஏறியது ஹெல்வெலின். 950 மீட்டர், இங்கிலாந்தின் மூன்றாவது உயரமான சிகரம். சோட்டா பட்டியலில் ஜி/எல்டி-003. ஸ்ட்ரைடிங் எட்ஜ் என்ற கத்திமுனை வழியை மகளுக்காகத் தவிர்த்துவிட்டு, பழைய மட்டக்குதிரைப் பாதையில் வளைந்து வளைந்து போனோம். மேலே போனதும் ஒரு வியப்பு. கிழக்கே ரெட் டார்ன் என்ற குளத்தின்மீது செங்குத்தாக இறங்கும் இந்த மலை, தலையில் மட்டும் களத்துமேடு போலப் பரந்து தட்டையாகக் கிடக்கிறது. நடுவே சிலுவை வடிவில் ஒரு கல்சுவர். காற்று எந்தப் பக்கம் அடித்தாலும் எதிர்ப்பக்கம் ஒண்டிக்கொள்ளலாம். மனைவியும் மகளும் அங்கே புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்தார்கள். நான் நடப்பவர்கள் காலில் கம்பி தடுக்காத தூரத்துக்குத் தள்ளிப்போய்க் கழியை நிறுத்தினேன்.

கழியின் உச்சியில் கம்பியின் நடுப்பகுதி. அங்கிருந்து பக்கத்துக்கு ஐந்து மீட்டராக இரண்டு கைகள் கூரைபோலச் சரிந்து இறங்கும். 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு அதுவே அளவு. கீழ்முனைகளைக் கற்களில் கட்டினேன். வழிப்போக்கர் ஒருவர் நின்று, மீன் எங்கே என்று கேட்டுவிட்டுத் தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துக்கொண்டு போனார். பாறையில் உட்கார்ந்து, ஹெட்போனை மாட்டி, சுவிட்சைப் போட்டேன்.

ரேடியோ கெட்டுவிட்டதோ என்றுதான் முதலில் தோன்றும். ஒவ்வொரு முறையும் தோன்றுகிறது. இரைச்சல் இல்லை. அடியில் ஒரு மெல்லிய சலசலப்பு, தூரத்து மழைபோல. முள் ஒன்றைக்கூடத் தொடவில்லை. குமிழைத் திருகினேன். ஒரு ஸ்பானியக் குரல் வந்தது. கொஞ்சம் தள்ளி ஒரு இத்தாலியர். இன்னும் தள்ளி, நூல்போல மெலிந்து, ஆனால் எழுத்துக்கு எழுத்து தெளிவாக, ஒரு கிரேக்கர். இவர்கள் இத்தனை நாளும் என் வீட்டுக் கம்பிக்கும் வந்துகொண்டிருந்தவர்கள்தாமே என்று நினைத்தபோது, விருந்தாளிகளை வாசலில் நிறுத்திவிட்டு உள்ளே பாத்திரங்களை உருட்டிக்கொண்டிருந்தவனின் வெட்கம் வந்தது.

ஏன் மலையேறிப் பேசுகிறீர்கள் என்று கேட்டால் ஹாம்கள் பெரும்பாலும் உயரத்தைத்தான் சொல்வார்கள். அதில் பொய்யில்லை. கைக்கருவியில் பேசும் 145 மெகாஹெர்ட்ஸ் அலை ஏறக்குறைய பார்வை போலவே நேர்க்கோட்டில் போகும். 950 மீட்டர் உயரத்திலிருந்து அதன் அடிவானம் சுமார் 125 கிலோமீட்டரில் இருக்கிறது. ஐல் ஆஃப் மேன் தீவும், பிளாக்பூல் கடற்கரையும், ஸ்காட்லாந்தின் தென்கரையும் அதற்குள் அடக்கம். ஆனால் அயனமண்டலத்தில் பட்டுத் திரும்புகிற 14 மெகாஹெர்ட்ஸ் அலைக்கு இந்த உயரம் பெரிய உதவியில்லை. முன்னூறு கிலோமீட்டர் மேலே போய்த் திரும்பப்போகிற அலைக்கு, தரையில் ஒரு கிலோமீட்டர் ஏறி நின்றால் என்ன, நிற்காவிட்டால் என்ன?

கணக்குப் போட்டுப் பார்த்தால் வேறொன்று தெரிகிறது. வீட்டு மேசையில் வைக்கும் பெரிய ரேடியோக்கள் வழக்கமாக 100 வாட் கொடுப்பவை. என் பைக்குள் இருந்தது 5 வாட், சைக்கிள் விளக்கின் அளவு. இருபதில் ஒரு பங்கு. முள்ளின் படிகளில் இது இரண்டு படிக்குச் சற்று அதிகமான இழப்பு, அவ்வளவுதான். மாறாக, இரைச்சல் ஏழிலிருந்து ஒன்றுக்கும் கீழே இறங்கியதில் எனக்குக் கிடைத்தது குறைந்தது ஆறு படி. ஒரு படிக்கு நான்கு மடங்கு என்றால், ஆறு படிக்கு நாலாயிரம் மடங்குக்கும் மேல். சத்தமாகப் பேசும் வசதியை இருபது மடங்கு விட்டுக்கொடுத்து, கேட்கும் வசதியை நாலாயிரம் மடங்கு வாங்கியிருக்கிறேன். மூச்சு வாங்க ஏறியது பேசுவதற்கென்றுதான் நானும் நம்பியிருந்தேன். நோட்டில் எண்களைக் கூட்டிக் கழித்தபோதுதான் தெரிந்தது, காதுக்காக ஏறியிருக்கிறேன்.

இதன் மறுபக்கம் கொஞ்சம் சங்கடமானது. மலையில் இருப்பவனுக்கு எல்லோரும் தெளிவாகக் கேட்கிறார்கள். அவன் குரல் ஐந்து வாட்டில் மெலிந்து போகிறது. அதைப் பிடிக்க வேண்டியவர் நகரத்து இரைச்சலுக்கு நடுவே, முள் ஏழில் நிற்கும் இன்னொரு வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். உழைப்பு முழுவதும் அவர் தலையில். வியர்வை எனக்கு, சிரமம் அவருக்கு.

“சிக்யூ சோட்டா” என்று அழைத்தேன். சிக்யூ என்றால் யாராவது இருக்கிறீர்களா என்கிற பொது அழைப்பு. மகள் தூரத்திலிருந்து “சோட்டா பீம்!” என்று கத்தினாள். மூன்று முறை அழைத்ததும் குரல்கள் ஒன்றன்மேல் ஒன்றாக விழுந்தன. ஒரு போலந்துக்காரர், ஒரு ஜெர்மானியப் பெண், ஒரு ஸ்வீடன்காரர். பேச்சு என்று சொல்ல அதில் ஒன்றுமில்லை. அழைப்புக்குறி, நீ எனக்கு எப்படிக் கேட்கிறாய் என்கிற இரண்டு எண்கள், நான் உனக்கு எப்படிக் கேட்கிறேன் என்கிற இரண்டு எண்கள், கடைசியில் ‘எழுபத்து மூன்று’. தந்தி காலத்திலிருந்து வரும் அந்த எண்ணுக்கு ‘அன்புடன்’ என்று பொருள். முதல் எண், சொன்னது புரிந்ததா என்பதற்கு, ஐந்துதான் அதிகபட்சம். இரண்டாவது, குரலின் வலு. போட்டி நாட்களில் எல்லோரும் எல்லோருக்கும் ‘ஐந்து ஒன்பது’ என்றே கொடுத்துவிட்டுப் போவார்கள், கல்யாண வீட்டில் ‘சாப்பாடு பிரமாதம்’ என்பதுபோல. மலையுச்சிக்கு வரும் எண்களில் அந்த உபசாரம் குறைவு. “மூன்று மூன்று” என்றார் போலந்துக்காரர். பாதி காதில் விழுந்தது, மீதியை ஊகித்தேன் என்று அர்த்தம். இந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது. என்னிடம் இப்படி எண் போட்டுச் சொல்ல உறவில் எத்தனை பேர் முன்வருவார்கள்?

சின்ன வயதில் திண்டுக்கல்லில் அப்பா இரவுகளில் சிற்றலையில் தமிழோசை கேட்பார். லண்டனிலிருந்து வரும் குரல் நெருங்கும், விலகும், கடலலைபோல. விலகும்போது அப்பா உடம்பையே முன்னால் சாய்த்துக் காதை வலைத்துணியோடு ஒட்டுவார். ஒரு கை குமிழில், ஒரு கை எங்களை அடக்க, காற்றில். வீடே மூச்சைப் பிடித்துக்கொள்ளும். செய்தி எனக்கு நினைவில்லை. அந்த முன்சாய்ந்த முதுகு நினைவிருக்கிறது. எந்தத் தீவிலிருந்து வந்த குரலுக்காக அந்த முதுகு வளைந்ததோ, அதே தீவின் பாறையில் இப்போது நான் அதே கோணத்தில் வளைந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று மனைவி எடுத்த போட்டோவைப் பார்த்த பிறகுதான் தெரிந்தது.

தமிழில் ‘கேள்வி’ என்பதற்கு இரண்டு பொருள். வினாவும் கேள்வி, செவியால் கொள்வதும் கேள்வி. வள்ளுவர் அந்தப் பெயரில் ஓர் அதிகாரம் வைத்தது இரண்டாவது பொருளில். சிக்யூ என்று அழைக்கிற பொத்தானை விட்டதும் வரும் அந்த இரண்டு நொடியில் இரண்டு பொருளும் ஒன்றாகிவிடுகின்றன. வினவியவன் உடனே செவியாக மாறியாக வேண்டும். பொத்தானை அழுத்திக்கொண்டே இருப்பவனுக்கு ஒருநாளும் பதில் வராது. கருவியின் அமைப்பே அப்படி.

மலையுச்சியையும் ரேடியோவையும் சேர்த்து உலகம் நினைவுவைத்திருக்கும் முதல் பெரிய காட்சியிலும் ஒருவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். 1901 டிசம்பர் 12, நியூஃபவுண்ட்லாந்தின் சிக்னல் ஹில். காற்றாடியில் கம்பியைப் பறக்கவிட்டு, காதில் குழலை வைத்துக்கொண்டிருந்தார் மார்க்கோனி. இங்கிலாந்தின் போல்டு முனையிலிருந்து அட்லாண்டிக்கைத் தாண்டி மோர்ஸின் மூன்று புள்ளிகள், ‘எஸ்’ என்ற ஓர் எழுத்து, வர வேண்டும். வந்தது என்றார். குழலை வாங்கிக் கேட்ட உதவியாளர் கெம்பும் ஆமாம் என்றார். பதிவு எதுவும் இல்லை. பட்டப்பகலில் அந்த அலைவரிசையில் அவ்வளவு தூரம் எப்படி வந்திருக்கும் என்று சந்தேகிப்பவர்கள் இன்றும் உண்டு. கேட்பது என்பது அவ்வளவு அந்தரங்கமான செயல். இன்னொருவர் உடன் கேட்காவிட்டால் அது நடந்ததா என்பதே கேள்விக்குரியதாகிவிடுகிறது.

நான் உட்கார்ந்திருந்த மலைக்கும் இதில் அனுபவம் உண்டு. 1926 டிசம்பர் 22 அன்று ஜான் லீமிங்கும் பெர்ட் ஹிங்க்ளரும் ஒரு சின்ன ஆவ்ரோ விமானத்தை இந்தத் தட்டை உச்சியில் இறக்கினார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பவும் பறந்துபோனார்கள். குளிர்காலத்து மலையுச்சியில் நடந்ததை ஊர் எப்படி நம்பும்? அன்றைக்கென்று நடந்து ஏறி வந்திருந்தவர் ஈ. ஆர். டாட்ஸ், கிரேக்கப் பேராசிரியர். அவர்தான் சாட்சி. நான்கு பேர் கேட்டால்தான் கணக்கு என்கிற சோட்டா விதியைப் படிக்கும்போதெல்லாம், பனிக்காற்றில் விமானத்தைப் பார்த்துத் திகைத்து நின்ற அந்த ஒற்றைப் பேராசிரியரை நினைத்துக்கொள்கிறேன்.

இன்னொரு கதை இருண்டது. 1805 ஏப்ரலில் சார்லஸ் காஃப் என்ற ஓவியர் தன் நாயோடு இந்த மலைமேல் நடக்கப் போனார். திரும்பவில்லை. மூன்று மாதம் கழித்து, ஜூலையில், ரெட் டார்ன் பக்கம் ஒரு மேய்ப்பனுக்கு நாய் குரைப்பது கேட்டது. தேடிப்போனபோது எலும்புகளும், அருகே உயிரோடு நாயும். வேர்ட்ஸ்வொர்த்தும் வால்டர் ஸ்காட்டும் அந்த நாயின் விசுவாசத்தைக் கவிதையாக்கினார்கள், லேண்ட்சீர் ஓவியமாக்கினார், 1890இல் உச்சியில் நினைவுக்கல்லும் வைத்தார்கள். அந்தக் காலத்துப் பத்திரிகையோ நாய் எப்படிப் பிழைத்தது என்பதைப் பற்றி வேறுமாதிரி எழுதியிருந்தது. விசுவாசமோ பசியோ, நாயின் உள்ளம் நமக்குத் தெரியப்போவதில்லை. ஒரு குரைப்பு எழுந்தது, ஒருவன் நின்று கேட்டான் என்பது மட்டும் நிச்சயம். கல்லில் நாயின் நினைவு இருக்கிறது. காது கொடுத்த மேய்ப்பன் வேர்ட்ஸ்வொர்த்தின் முதல் வரியில் வந்துபோகிறான், கவிதை நாய்க்குத்தான்.

பதினோராவது தொடர்பை எழுதிக்கொண்டிருந்தபோது தோளில் ஒரு கை விழுந்து திடுக்கிட்டேன். மனைவி. “எத்தன தடவ கூப்பிடுறது? மேகம் ஏறி வருது, பாருங்க.” மேற்கே தேர்ல்மியர் ஏரி காணாமல் போயிருந்தது. அவள் உட்கார்ந்திருந்த கல்சுவருக்கும் எனக்கும் இடையே முப்பது அடி எடுத்துவைக்கலாம், அவ்வளவுதான். கிரேக்கரின் குரல் எனக்குக் கேட்டது, அவள் குரல் கேட்கவில்லை.

ஹாம்கள் இதற்கு ‘ஸ்கிப் ஸோன்’ என்பார்கள். மேலே போகும் அலை அயனமண்டலத்தில் பட்டு, ஆயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் தரையிறங்கும். தரையோடு ஊர்ந்து போகும் அலையோ கொஞ்ச தூரத்தில் செத்துவிடும். இரண்டுக்கும் நடுவில் ஒரு மௌன வளையம். ஏதென்ஸில் இருப்பவருக்கு என் குரல் கேட்கும். மலையடிவாரத்துக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்குக் கேட்காது. இயற்பியலில் இதற்கு மருந்து உண்டு: அலைவரிசையை இறக்கு, கம்பியைத் தாழ்த்து. மனிதர்களிடம் இதைவிட எளிது. ஹெட்போனைக் கழற்றினாலே போதும். அதற்குத்தான் தோளில் ஒரு கை விழ வேண்டியிருக்கிறது.

கம்பியைச் சுருட்டும் முன் மகள் ஹெட்போனை வாங்கி மாட்டிக்கொண்டாள். யாரும் பேசாத ஓர் இடத்தில் குமிழ் நின்றிருந்தது. கொஞ்ச நேரம் கேட்டாள். “ஒண்ணுமே இல்லப்பா,” என்றாள். பிறகு, “நல்லாருக்கு,” என்றாள். வேகமாக இறங்கினோம்.

ஊர் திரும்பிய மறுநாள் முள் வழக்கம்போல ஏழில் நின்றது. முன்பெல்லாம் அதை நகரத்தின் விதி என்று விட்டுவிடுவேன். இந்த முறை பேட்டரியில் ரேடியோவை ஓடவிட்டு, வீட்டின் மெயின் சுவிட்சை அணைத்தேன். முள் ஐந்துக்கு இறங்கியது. இரண்டு படி, அதாவது பதினாறு மடங்குச் சத்தம், எங்களுடையது. பிறகு ஒவ்வொரு பிளக்காகப் போட்டும் பிடுங்கியும் பார்த்தேன். மாடிப்படி விளக்கு கொஞ்சம், டிவிப் பெட்டி கொஞ்சம். பெரிய குற்றவாளி என் மேசையிலேயே இருந்தது. ரேடியோவில் கேட்டவர்களின் பெயரைப் பதிவுசெய்ய நான் வைத்திருந்த லேப்டாப்பின் சார்ஜர். மீதி ஐந்து படி அண்டை வீடுகளுடையது. அதை அணைக்க என்னிடம் சுவிட்ச் இல்லை. அவர்களிடம் என் இரண்டு படியும் இத்தனை காலம் போய்க்கொண்டுதானே இருந்தது.

சாயங்காலம் மறுபடியும் மெயினை அணைத்தேன். 7 மெகாஹெர்ட்ஸில் குமிழைத் திருகிக்கொண்டே போனபோது, ஐந்துக்கு மயிரிழை மேலே ஒரு குரல். மறைந்தது. வந்தது. “சோட்டா” என்ற சொல் மட்டும் பிடிபட்டது. முன்னால் சாய்ந்தேன். ஆஸ்திரிய அழைப்புக்குறி, ஏதோ ஓர் ஆல்ப்ஸ் உச்சியில் காற்று மைக்கில் மோதுகிறது. பதிலளித்தேன். அவருக்கு நான் கணீரென்று கேட்டிருப்பேன். மலைக்கு அது தெரியும். எனக்குத்தான் சிகரத்தின் எண் இரண்டு தடவையும் நழுவியது. அவர் மூன்றாவது தடவை ஒவ்வோர் இலக்கமாக, குழந்தைக்குச் சோறூட்டுவதுபோலச் சொன்னார். “மூன்று ஐந்து,” என்று உள்ளதைக் கொடுத்தேன்.

“ஏங்க, மெயினப் போடலாமா? இருட்டிருச்சு.” கீழேயிருந்து குரல் வந்தது. இந்த முறை ஒரு காதில்தான் ஹெட்போன்.

“ஒரு நிமிஷம்மா,” என்றேன். “இங்க ஒருத்தர் மலையில நிக்கிறாரு. நான் நாலாவது ஆளா இருக்கலாம்.”